பட்டாவுக்கு முந்திய பெயர்: நோவா ஸ்கோஷியாவின் பர்ச்டவுன் குடியேற்றம் (1783–1792)

கனடாவின் கிழக்குக் கரையில், நோவா ஸ்கோஷியாவின் ஷெல்பர்ன் துறைமுகத்தை அடுத்துள்ள சிற்றூர் பர்ச்டவுன். அமெரிக்க விடுதலைப் போரின்போது பிரித்தானியப் படையின் பக்கம் வந்து அடிமைத்தளை நீங்கிய கறுப்பின மக்கள் 1783இல் இங்குக் குடியமர்த்தப்பட்டனர். ஏறத்தாழ 1,500 பேர் வாழ்ந்த இவ்வூர், ஆப்பிரிக்காவுக்கு வெளியே அன்றிருந்த விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் மிகப் பெரிய குடியிருப்பு எனக் கருதப்படுகிறது. இவ்வூரின் பெயர் ஓர் ஆவணத்தை நினைவூட்டுகிறது. இதன் வரலாறோ மற்றோர் ஆவணத்துக்காகக் காத்திருந்ததன் வரலாறு.

கிளர்ச்சியாளரிடமிருந்து தப்பி வரும் அடிமைகளுக்குப் பாதுகாப்பளிப்பதாகத் தளபதி ஹென்றி கிளிண்டன் 1779இல் அறிவித்தார். போரின் முடிவில் எழுதப்பட்ட சமாதான உடன்படிக்கையின் 7ஆம் பிரிவோ, அமெரிக்கருக்குச் 'சொத்தான' கறுப்பினத்தவரைக் கொண்டுசெல்லலாகாது என்றது. ஜார்ஜ் வாஷிங்டன் அவர்களைத் திருப்பிக் கேட்டார். உடன்படிக்கைக்கு முன்பே விடுதலை பெற்றோர் எவருக்கும் சொத்தாகார் என்பது பிரித்தானியத் தளபதி கை கார்ல்டனின் நிலைப்பாடு. அதன் அடிப்படையில் நியூயார்க் நகரத் தளபதி சாமுவேல் பர்ச் கையொப்பமிட்ட சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. கப்பலேறிய ஏறத்தாழ 3,000 பேரின் பெயர்கள் தனிப் பதிவேட்டில் எழுதப்பட்டன. அக்கையொப்பக்காரரின் பெயரே புதிய ஊருக்கும் அமைந்தது. அண்டை நகரான ஷெல்பர்ன், ஆளுநர் ஜான் பார் பிரித்தானிய அரசியல் தலைவரொருவரின் நினைவாகச் சூட்டிய பெயரைத் தாங்கியது. இரண்டும் ஆட்பெயரடியாகப் பிறந்தவையே. எனினும் பர்ச்டவுன் மக்களுக்கு அப்பெயர், தம்மை மீண்டும் அடிமையாக்கவிடாது காத்த தாளில் இருந்த பெயர். இதனை வெறும் அதிகார வழிபாடாகக் கொள்வது பொருந்தாது.

பெயர் கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை. நில அளவையர் பெஞ்சமின் மார்ஸ்டன் 1783 ஆகஸ்ட் இறுதியில், கறுப்பினத் தலைவர் ஸ்டீபன் பிளக்குக்கு இடத்தைக் காட்டினார். பாறையும் சதுப்புமான நிலம் அது. குடும்பத் தலைவருக்கு 100 ஏக்கர், பிற உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் 50 ஏக்கர் என்பது அரசின் பொது விதி. ஆனால் வெள்ளையருக்கான அளவைப் பணியே முன்னிறுத்தப்பட்டது. பலர் நிலத்தைத் தோண்டி, மேலே கூரையிட்ட குழிவீடுகளில் குளிர்காலத்தைக் கழித்தனர். அகழாய்வுகளும் இதனை உறுதிசெய்கின்றன.

பட்டா இல்லாமை வறுமையோடு நிற்கவில்லை. விளைநிலம் இல்லாதவர் கூலிக்குச் செல்ல வேண்டியிருந்தது. குறைந்த கூலிக்கும் இசைய வேண்டியிருந்தது. 1784 ஜூலையில் ஷெல்பர்னில் மூண்ட கலவரத்தின் வேர் இங்கே உள்ளது. தமக்கும் நிலம் வந்துசேராத, படையிலிருந்து விடுவிக்கப்பட்ட வெள்ளை வீரர்கள், கூலியைக் குறைப்பவர்கள் என்று கூறி அந்நகரிலிருந்த கறுப்பின மக்களின் வீடுகளைத் தகர்த்தனர். தாக்குதல் பர்ச்டவுனையும் எட்டியது. நிலம் வழங்குவதில் நேர்ந்த தாமதமே இரு சாராரையும் மோதவிட்டது எனலாம். அக்குற்றம் மார்ஸ்டன் மேல் விழ, அவர் பதவியிழந்தார். பின்னர் வந்த பஞ்சத்தில் மக்கள் உடைகளை விற்றதையும், ஆண்டுக்கணக்கில் தம்மையே வணிகரிடம் ஒப்படைத்ததையும் அங்கு வாழ்ந்த தச்சர் பாஸ்டன் கிங் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியுள்ளார். சான்றிதழ் நீக்கிய அடிமைநிலை ஒப்பந்தக் கூலியாக மறுவடிவம் எடுத்தது.

1787–88இல் ஒருவாறு நிலம் வழங்கப்பட்டபோது 184 பேர் சராசரி 34 ஏக்கர் வீதம் பெற்றனர். பிளக்குக்கு மட்டும் 200 ஏக்கர்.

1791இல் ஜான் கிளார்க்சன் பர்ச்டவுன் தேவாலயத்தில் திரண்ட மக்களிடம் சியரா லியோனில் ஆண்டு வரியின்றி நிலம் உண்டு என்று உறுதியளித்தார். 1792 ஜனவரியில் 15 கப்பல்களில் ஏறத்தாழ 1,190 பேர் ஹாலிஃபாக்ஸிலிருந்து புறப்பட்டனர். பர்ச்டவுனிலிருந்து மிகுதியானோர் சென்றனர். கடன்பட்டோரும் ஒப்பந்தக் கூலிகளும் செல்ல இயலவில்லை. சென்றோர் அமைத்த ஊரின் பெயரில் ஆளின் பெயர் இல்லை. அது ஃப்ரீடவுன், விடுதலையூர். அங்கும் சியரா லியோன் கம்பெனி நிலத்துக்கு ஆண்டு வரி கேட்டது. 1800இல் மக்கள் கிளர்ந்தெழுந்தனர்.