தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்

நம் வில்லியனூரில் திருக்காமீசுவரர் கோயிலும் உண்டு. 1877ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற லூர்து அன்னை திருத்தலமும் உண்டு. அத்திருத்தலத்தில் தமிழ்ப் பண்ணில் ஒரு பாடல் எழுமானால் அதைக் கேட்டு யாரும் வியப்பதில்லை. ஆனால் கிறித்தவ ஆலயத்தினுள் தமிழிசைக்கு இடம் உண்டா என்பதே பெரிய வழக்காக இருந்த காலம் ஒன்று உண்டு. நமக்குத் தெற்கே தஞ்சையில், புராட்டஸ்டன்டு சபையில், அவ்வழக்கு நடந்தது. அதில் தம் பதவியை இழந்தவர் வேதநாயக சாஸ்திரியார்.

பெயரைக் கண்டு மயங்க வேண்டா. 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறொருவர். அவர் பிறந்தது 1826ஆம் ஆண்டில். தேர்வுத் தாளில் இருவரையும் ஒருவராக்கிவிடும் மாணவர் சிலர் உளர்!

சாஸ்திரியார் 1774ஆம் ஆண்டு நெல்லைச் சீமையில் பிறந்தார். தந்தை அருணாசலம் பிள்ளை கிறித்தவராகித் தேவசகாயம் என்று பெயர் பூண்டவர். செர்மானியப் போதகர் சுவார்ட்சு, சிறுவனின் அறிவுக்கூர்மையைக் கண்டு, 1785ஆம் ஆண்டில் அவனைத் தம்முடன் தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். அங்கே அதே போதகரின் அரவணைப்பில் வளர்ந்த மற்றொரு சிறுவர் பின்னாளில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோஜி. தரங்கம்பாடியில் இறைநூல் பயின்று திரும்பிய வேதநாயகம், இருபது வயதளவில் தஞ்சைப் பள்ளியின் தலைமையாசிரியரானார்.

பின்னர் இழப்புக்கள் தொடர்ந்தன. முதல் மனைவி மணமான சில காலத்திலேயே மறைந்தார். தந்தை போன்று காத்த சுவார்ட்சு 1798ஆம் ஆண்டில் உயிர் நீத்தார். இளமைத் துணையும் வழிகாட்டியும் ஒருங்கே நீங்கிய அவ்வாண்டுகளை ஒட்டித்தான், 1800ஆம் ஆண்டு அளவில், 'பெத்லகேம் குறவஞ்சி' உருவாயிற்று என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

குறவஞ்சி அவருக்குப் புதிதன்று. அவர் பிறந்த நெல்லைச் சீமையிலேயே திருக்குற்றாலக் குறவஞ்சி தோன்றியது. தலைவி காதல் கொள்ளுதல், குறத்தி குறி சொல்லுதல், குறவன் வலை வீசிப் பறவை பிடித்தல் என்னும் அமைப்பைச் சாஸ்திரியார் மாற்றவில்லை, பொருளையே மாற்றினார். தலைவி தேவமோகினி திருச்சபையாகவும், தலைவன் இயேசு பெருமானாகவும், குறத்தி விசுவாசமாகவும், வலை வீசும் சிங்கன் போதகராகவும் ஆயினர். இடையே, ஞாயிற்றைக் கோள்கள் சுற்றிவரும் புதிய வானநூற் செய்தியையும் பாட்டில் வைத்தார். குறத்தியின் நாட்டுவளத்தோடு கோப்பர்னிக்கசின் கொள்கையும் சேர்ந்து வருவது சுவையான காட்சியே.

1801ஆம் ஆண்டில் அவர் மறுமணம் செய்துகொண்டார். ஞானதீபம் என்னும் பெண்ணை மகளாக ஏற்று வளர்த்தார். குடும்பப் பெண்கள் அவையில் பாடுதல் அரிதாயிருந்த அக்காலத்தில் ஞானதீபம் தந்தையுடன் அமர்ந்து பாடினார். பிற மக்களும் இசை பயின்றனர். அவர் இல்லமே ஒரு பாட்டுப் பள்ளியாயிற்று.

அடுத்து வந்தது பெருஞ்சோதனை. சுவார்ட்சின் தலைமுறை மறைந்தபின் வந்த இளம் போதகர்கள் பழைய முறைகளை மாற்றலாயினர். விவிலியத்தின் தமிழாக்கத்தைத் திருத்தினர். விழாக்களில் மலர் அணிவதை விலக்கினர். வழிபாட்டில் தமிழ்க் கீர்த்தனைகளைத் தடுத்தனர். சாதிவாரியாகத் தனித்தனியே அமர்வதையும் ஒழிக்க முற்பட்டனர். இந்நான்கையும் சாஸ்திரியார் கொடுமைகள் என்றே எழுதினார். 1829ஆம் ஆண்டில் அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார்.

இங்கே நாம் நடுநின்று நோக்குதல் வேண்டும். பாட்டைப் பற்றி அவர் கூறியது நியாயம். தம் மொழியின் பண்ணில் இறைவனைப் பாடும் உரிமையை மறுப்பவர் எவராயினும் தவறுடையவரே. ஆனால் சாதியைப் பற்றி அவர் கூறியதை ஏற்க இயலாது. ஒரே இறைவனை வணங்குவோர் ஒரு பாயில் அமரலாகாது என்பதற்கு எக்கவிதையும் அரண் ஆகாது. அவரைப் போற்றுவோர் சிலர் இப்பகுதியை விட்டுவிட்டு வரலாறு சொல்வர். அது வரலாற்றுக்குச் செய்யும் நன்மையன்று.

பணி போயிற்று, பாட்டுப் போகவில்லை. சரபோஜி மன்னர் அவரை ஆதரித்தார். மன்னர் வேண்டியபோதும் பிள்ளையார் வணக்கம் பாட அவர் இசையவில்லை என்றொரு செவிவழிச் செய்தி வழங்குகிறது. ஆயினும் நட்பு முறியவில்லை. அம்மன்னரும் 1832ஆம் ஆண்டில் மறைந்தார். அப்போது சாஸ்திரியாருக்கு ஐம்பத்தெட்டு வயதளவு. சபையிற் பதவியில்லை, அரசனும் இல்லை. எஞ்சியது குடும்பம். மகளும் மைந்தரும் அவர் பாடல்களை மனனம் செய்து பாடினர். அவர் இயற்றிய நூல்கள் நூற்றுக்கு மேற்பட்டன.

இருபது ஆண்டுகள் கழிந்தன. மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் என்பார், மேனாட்டு மெட்டில் மொழிபெயர்த்த பாடல்கள் தமிழர் நெஞ்சிற் படிவதில்லை என்று கண்டு, தமிழ்க் கீர்த்தனைகளைத் தேடினார். முதியவரான சாஸ்திரியாரிடமே வந்து பாடல்களைப் பெற்றார். 1853ஆம் ஆண்டில் வெப் வெளியிட்ட கீர்த்தனைத் தொகுதியில் அவை இடம் பெற்றன. ஓரிடத்துப் போதகர்கள் ஒதுக்கிய பாட்டை மற்றோரிடத்துப் போதகர் நாடி வந்து ஏந்திச் சென்றார்!

சாஸ்திரியார் 1864ஆம் ஆண்டு சனவரி 24ஆம் நாள், தொண்ணூறாம் அகவையில் காலமானார். அவர்தம் வழியினர் 'சுவிசேஷ கவிராயர்' என்னும் பட்டத்தைத் தலைமுறை தோறும் தாங்கி, அப்பாடல்களைக் கதாகாலட்சேபமாக ஊர்தோறும் பாடி வந்தனர்.