கோடியக்கரைக் கடலில் துப்பாக்கி: பதிவேடு இல்லாத காயங்களின் வரலாறு

வங்காள விரிகுடாவும் பாக் நீரிணையும் கூடும் முனையில், பழைய தஞ்சை மாவட்டத்தின் தென்கிழக்குக் கோடியில் இருக்கும் கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணக் கரைக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். தோணிகளும் வள்ளங்களும் சரக்கோடும் ஆட்களோடும் தலைமுறை தலைமுறையாகக் கடந்துவந்த அந்த இடைக்கடலில் எல்லைக்கோடு வரையப்பட்டது 1974ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில்தான். 1976இல் பரிமாறப்பட்ட கடிதங்கள் ஒரு நாட்டு மீனவர் மறுநாட்டுக் கடலில் வலைவீசும் வழக்கத்தைச் சட்டப்படி முடித்துவைத்தன. எனினும், மீன் அந்தக் கோட்டை அறியாது என்பதாலும், நீரோட்டமும் இயந்திரக் கோளாறும் படகை இழுத்துச் செல்லும் என்பதாலும், கோடு வரையப்பட்ட பின்னரும் தொழில் பழையபடியே நடந்தது. 1983இல் இலங்கையில் இனப்போர் மூண்டு, ஆயுதமும் போராளிகளும் இக்கடல் வழியே போய்வரத் தொடங்கியதும், இலங்கைக் கடற்படையின் ரோந்துப் படகுகளின் கண்ணில் ஒவ்வொரு மீன்பிடிப் படகும் ஐயத்துக்குரியதாயிற்று. கோடியக்கரை மீனவரின் தொழில் வரலாற்றில் துப்பாக்கி நுழைந்தது அப்போதுதான்.

அதன்பின் வந்த நாற்பது ஆண்டுகளில் எத்தனை பேர் சுடப்பட்டனர் என்ற கேள்விக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட விடை இன்றுவரை இல்லை. மீனவர் அமைப்புகளும் அரசியல் தலைவர்களும் கொல்லப்பட்டோர் 500க்கு மேல் என்கின்றனர். அரசுத் தரப்பு எண்கள் அதைவிட மிகக் குறைவு. உயிர் பிழைத்தும் கை கால் முடங்கியவர், தோளில் குண்டு தங்கியதால் இனி வலை இழுக்க முடியாதவர், படகையும் வலையையும் இழந்து கடனில் மூழ்கிய குடும்பம் என்ற கணக்கோ எந்தத் தரப்பிலும் முழுமையாக எழுதப்படவில்லை. செய்தித்தாள்களில் இவையெல்லாம் “கோடியக்கரைக்குத் தென்கிழக்கே இத்தனை கடல் மைல் தொலைவில்” என்று தொடங்கும் சிறு பத்திகளாக வந்தன. கடலோரக் காவல் குழுமத்தில் வழக்காயின. முதலமைச்சர் பிரதமருக்கு எழுதும் கடிதமாயின. பின்னர் அடுத்த சம்பவம் வரை அடங்கின.

இந்த இடத்தில் பொது சுகாதாரத் துறையின் பார்வையை விளக்குவது பொருந்தும். நோயை ஒரு தனிமனிதரின் விதியாகக் கொள்ளாமல், அது யாரை, எங்கே, எப்போது, எவ்வழியாகத் தாக்குகிறது என்று தொடர்ந்து பதிவுசெய்து, அந்தப் பதிவிலிருந்து தடுக்கும் வழியைத் தேடுவதே பொது சுகாதாரம். இம்முறையை வன்முறைக்கும் பொருத்தலாம் என்ற கருத்து அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையங்களில் 1980களில் உருப்பெற்றது. 1996இல் உலக சுகாதாரப் பேரவை வன்முறையை உலகளாவிய பொது சுகாதாரச் சிக்கலாக அறிவித்தது. ஆனால் அதே 1996இல் அமெரிக்க நாடாளுமன்றம், துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவு தேட அம்மையங்களின் காயத்தடுப்பு நிதியைச் செலவிடக்கூடாது என்று விதித்ததால், அங்கு துப்பாக்கிக் காயம் பற்றிய ஆய்வு இருபது ஆண்டுகளுக்கு மேல் நலிந்துகிடந்தது. 2024 ஜூனில்தான் அந்நாட்டின் தலைமை மருத்துவர் விவேக் மூர்த்தி துப்பாக்கி வன்முறையைப் பொது சுகாதார நெருக்கடி என்று அறிவித்தார். கணக்கெடுப்பதற்கே அவ்வளவு எதிர்ப்பு எழுந்தது என்றால், கணக்குக்கு உள்ள வலிமையை அதிலிருந்தே அறியலாம்.

கோடியக்கரைக்குப் பதிவேடு புதியதன்று என்பதுதான் இதில் உள்ள முரண். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் 1959இல் சலீம் அலியின் தலைமையில் வலசைப் பறவைகளுக்கு வளையமிடும் பணியைத் தொடங்கியபோது அதற்கு உலக சுகாதார நிறுவனம் நிதியுதவி அளித்தது. பறவைகள் வழியாக நோய்க்கிருமிகள் பரவுகின்றனவா என்பதே அந்நிறுவனம் அறிய விரும்பியது. அப்பணியின் முக்கியக் களங்களுள் ஒன்றாகக் கோடியக்கரை வளர்ந்து, 1967இல் சரணாலயமும் ஆயிற்று. இங்கு பிடிபட்ட சின்னஞ்சிறு உள்ளானுக்கும் எண்ணும் தேதியும் எடையும் குறிக்கப்பட்டன. அதே கரையில், ஐப்பசி தொடங்கி மாசி வரை நீளும் மீன்பிடி சீசனுக்காக ஃபைபர் படகுகளோடு வந்து தங்கும் நாகை மாவட்ட மீனவருக்கு அத்தகைய ஏடு ஒன்றும் திறக்கப்படவில்லை. பறவைக் கணக்கைக் குறைசொல்வது இதன் நோக்கமன்று. அந்தப் பொறுமை மனிதருக்கும் காட்டப்பட்டிருக்கலாம் என்பதே.

பதிவு இருந்திருந்தால் சில உண்மைகள் முன்பே தெளிவாகியிருக்கும். 2008 அக்டோபரில் இந்தியாவும் இலங்கையும் வெளியிட்ட கூட்டறிக்கை, இந்திய மீன்பிடிப் படகுகள் மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்படாது என்று உறுதியளித்தது. ஆயினும் 2011 ஜனவரியில் பத்து நாள் இடைவெளியில் இருவர் உயிரிழந்தனர்: ஜெகதாப்பட்டினத்தைச் சேர்ந்தவர் சுடப்பட்டார், வேதாரண்யத்தை அடுத்த புஷ்பவனத்தைச் சேர்ந்தவர் கழுத்தில் கயிறு இறுக்கிக் கொல்லப்பட்டதாக உடன்சென்றவர்கள் கூறினர். இலங்கைக் கடற்படை இரண்டையும் மறுத்தது. துப்பாக்கியை மட்டும் தடுத்தால் கயிறும் இரும்புக் கம்பியும் அதன் இடத்துக்கு வந்துவிடும் என்பதை, ஆயுதத்தை அன்றிக் காயத்தை எண்ணும் ஏடுதான் காட்டும். அவ்விரு மரணங்களை அடுத்து இளைஞர்கள் ட்விட்டரில் நடத்திய பரப்புரை, கரையோரத் துயரைச் சென்னையின் கணினி அலுவலகங்கள் வரை கொண்டுசென்றது. விழிப்புணர்வு எழுந்தது, அதைத் தாங்கிநிற்கும் தரவு எழவில்லை.

சுடுபவரின் கொடியை மட்டும் பார்ப்பதும் போதாது. 2012இல் கேரளக் கடலில் இத்தாலியக் கப்பற்படையினரின் குண்டுக்கு இரு மீனவர்கள் பலியாயினர். பன்னாட்டு நடுவர் மன்றம் வரை சென்ற அவ்வழக்கு 2021இல் பத்துக் கோடி ரூபாய் இழப்பீட்டில் முடிந்தது. 2022 அக்டோபரில் பாக் நீரிணைப் பகுதியில் மயிலாடுதுறை மாவட்ட மீனவர் ஒருவரைக் காயப்படுத்தியது இந்தியக் கடற்படையின் துப்பாக்கியே. மறுபுறம், போர்க்காலத்தில் கடலுக்குப் போகவே தடுக்கப்பட்டிருந்த வடஇலங்கைத் தமிழ் மீனவர், 2009க்குப் பின் கடலுக்குத் திரும்பியபோது தம் வலைகளைத் தமிழக விசைப்படகுகளின் இழுவைமடிகள் அறுத்துச் செல்வதைக் கண்டனர். இலங்கை அம்முறையை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. அவர்களது குறை நியாயமானது. ஆனால் எல்லைமீறலுக்குத் தண்டனை துப்பாக்கிக் குண்டு அன்று. 1999இல் பன்னாட்டுக் கடல்சட்டத் தீர்ப்பாயம், படகைத் தடுக்கும்போது பலப்பிரயோகத்தை இயன்றவரை தவிர்க்கவேண்டும் என்றும், தவிர்க்க முடியாத நிலையிலும் அது தேவையின் அளவைத் தாண்டக்கூடாது என்றும் தெளிவாகவே கூறிவிட்டது.

2025 ஜனவரி 28 அன்று நெடுந்தீவு அருகே காரைக்கால் படகு ஒன்றின்மீது நடந்த சூட்டில் ஐவர் காயமுற்று யாழ்ப்பாணத்தில் சிகிச்சை பெற்றனர். நாகப்பட்டினத்தில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுவிட்டது. அதன் சமூக மருத்துவத் துறையும் மீனவ கிராமப் பஞ்சாயத்தாரும் யாழ்ப்பாண மருத்துவமனையும் கூடி, இரு கரைக்கும் பொதுவான கடற்காயப் பதிவேடு ஒன்றை இனியேனும் தொடங்க வேண்டும்.