தொலைவிலிருந்து ஒரே தாளம்: பாலக்காட்டு மிருதங்க மரபும் 'சக்தி'யின் இறுதி ஒலிப்பதிவுக்கூடத் தொகுப்பும்

பாலக்காடு மணி அய்யர் (1912–1981) சாத்தபுரம் சுப்பய்யரிடம் பாலபாடம் பயின்று, பின்னர் தஞ்சாவூர் வைத்தியநாதய்யரிடம் தேர்ந்தவர். செம்பை வைத்தியநாத பாகவதரின் கச்சேரிகள் வழியே இளவயதிலேயே புகழ்பெற்ற அவர், 1966-இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். மிருதங்கக் கலைஞர் ஒருவருக்கு அவ்விருது கிட்டியது அதுவே முதல்முறை. ஒலிபெருக்கியை அவர் விரும்பியதில்லை என்பதும் பலரறிந்த செய்தியே. பாடுபவரின் மூச்சு கேட்கும் தொலைவில் அமர்ந்து அந்தக் கணத்துக்கு மறுமொழி சொல்வதே பக்கவாத்தியம் என்ற கருத்தை அந்த நிலைப்பாட்டின் அடியில் காணலாம்.

இக்கருத்துக்கு நேரெதிரான சூழலில் உருவானது 'சக்தி' குழு 2023 ஜூனில் வெளியிட்ட 'திஸ் மொமென்ட்' என்னும் இசைத்தொகுப்பு. 'இந்தக் கணம்' எனப் பெயர்பெற்ற அத்தொகுப்பின் கலைஞர்கள் ஒரே கணத்தில் ஒரே அறையில் கூடி வாசிக்கவில்லை. மொனாக்கோவில் வாழும் கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லினும் பிறரும் தத்தம் ஊர்களிலிருந்து பதிவுசெய்து, கோப்புகளைப் பரிமாறிக்கொண்டே இதனை உருவாக்கினர். அவ்வாறாயின் இதனைக் கூட்டிசை என்று எப்பொருளில் அழைப்பது?

விடையைக் குழுவின் வரலாற்றில் தேடவேண்டும். மெக்லாக்லின் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். அவர், வயலின் கலைஞர் எல். சங்கர், தபலா மேதை ஜாகிர் உசேன், கடம் வித்வான் விக்கு விநாயக்ராம், மிருதங்கக் கலைஞர் ராம்நாடு ராகவன் ஆகியோர் 1975 ஜூலை 5 அன்று லாங் ஐலண்டில் மேடையில் வாசித்ததன் பதிவே குழுவின் முதல் தொகுப்பு. 1977-இல் வந்த 'நேச்சுரல் எலிமென்ட்ஸ்' தொகுப்புக்குப் பின் குழு கலைந்தது. 1997-இல் 'ரிமெம்பர் சக்தி' என்ற பெயரில் மீண்டபோது மாண்டலின் ஸ்ரீநிவாசும், விநாயக்ராமின் மகன் செல்வகணேஷும், பாலக்காட்டுத் தமிழ்க் குடும்ப மரபினரான சங்கர் மகாதேவனும் அடுத்தடுத்து இணைந்தனர். எனினும் அக்காலத் தொகுப்புகள் பெரும்பாலும் மேடைப் பதிவுகளே. 46 ஆண்டுகளுக்குப் பின் வந்த ஒலிப்பதிவுக்கூடத் தொகுப்பு 'திஸ் மொமென்ட்' ஆகும்.

இங்கு ஓர் ஒப்பீடு உதவும். குழுவிலிருந்து பிரிந்த எல். சங்கர், ஜான் லைடனின் போஸ்ட்-பங்க் குழுவான பப்ளிக் இமேஜ் லிமிடெட் 1986-இல் வெளியிட்ட 'ஆல்பம்' என்னும் தொகுப்பில் மின்வயலின் வாசித்தார். ஜிஞ்சர் பேக்கர், ஸ்டீவ் வை, ரியூச்சி சகமோட்டோ எனப் பல துறைக் கலைஞர்கள் அதில் பங்கேற்றனர். குழுவாகச் சேர்ந்து வளர்ந்த பொதுவான கடந்தகாலம் அவர்களுக்கு இல்லை. தயாரிப்பாளர் பில் லாஸ்வெலின் திட்டமே அவர்களை ஒருங்கிணைத்தது. 'திஸ் மொமென்ட்' இதன் மறுதலை: இடம் பிரிந்தது, கடந்தகாலம் பொதுவாக இருந்தது.

அந்தப் பொதுமைக்கு இரு அடுக்குகள் உண்டு. முதலாவது தாளக் கணக்கு. ஆதிதாளத்தின் எட்டு அட்சரங்களை நான்கு நான்காகப் பகுத்தால் 32 மாத்திரை. 'ததிகிணதோம்' என்ற ஐந்து மாத்திரைச் சொற்கட்டை மும்முறை சொன்னால் 15. எனவே 17 மாத்திரை கழித்துத் தொடங்குபவர் எந்த ஊரில் இருந்தாலும், அவர் முடிக்குமிடத்தில் அடுத்த சமம் பிறக்கும். கொன்னக்கோல் இத்தொகுப்பில் பெற்றுள்ள முதன்மை தற்செயலானதன்று. பல மரபினரை இணைக்கும் மொழி அதுவே.

இரண்டாவது அடுக்கு நினைவு. எந்த இடத்தில் தபலா தணியும், எப்போது கஞ்சிரா நுழையும் என்பதைக் கணக்கு மட்டும் சொல்லாது. செல்வகணேஷ் அதனைத் தந்தையின் கடத்தைக் கேட்டும், ஜாகிருடன் ஆண்டுக்கணக்கில் மேடையில் அமர்ந்தும் அறிந்தவர். 2014-இல் 45 வயதில் மறைந்த ஸ்ரீநிவாசுக்கு அஞ்சலியாக அமைந்த 'ஸ்ரீனிஸ் ட்ரீம்' தொகுப்பின் தொடக்கத்திலேயே இடம்பெறுவதும் இவ்வகையில் பொருத்தமானது. இல்லாதவரையும் உடனிருத்தி வாசிக்கும் பயிற்சி அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது.

இழப்பே இல்லை என்று கூறிவிட இயலாது. முன்னரே பதிவான ஒலியை நோக்கி வாசிப்பவர் அதற்கு மறுமொழி தரலாம். அந்த மறுமொழியால் முன்னதை மாற்றவோ திகைக்கவைக்கவோ முடியாது. அவ்வாண்டு இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்த நிகழ்ச்சிகளில்தான் அந்த உரையாடல் இருபுறமும் திறந்தது.

2024 பிப்ரவரி 4 அன்று இத்தொகுப்பு சிறந்த உலக இசைத்தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது. அவ்வாண்டு டிசம்பர் 15 அன்று ஜாகிர் உசேன் 73 வயதில் காலமானார். அவர் இருந்த 'சக்தி'யின் கடைசி ஒலிப்பதிவுக்கூடத் தொகுப்பாக இது நிலைத்துவிட்டது.

இணையவழியில் மிருதங்கம் கற்பிக்கப்படும் இக்காலத்தில், தொலைவு ஒரு தடையன்று என்பதற்கு இத்தொகுப்பைச் சான்றுகாட்டத் தோன்றலாம். அது பாதி உண்மையே. முன்பே நெடுங்காலம் அருகருகே அமர்ந்தவர்களுக்குத் தொலைவு தடையாகவில்லை என்பதையே இது மெய்ப்பிக்கிறது. ஒருநாளும் அவ்வாறு அமராத மாணவரைப் பொறுத்தவரை, மணி அய்யரின் நிலைப்பாடு எழுப்பும் கேள்வி இன்னும் விடையின்றியே இருக்கிறது.