யந்திரப் பதிவேடு: நீலகிரித் தேயிலைத் தொழிற்சாலைகளில்

யந்திரப் பதிவேடு என்பது, ஒரு தொழிற்சாலையிலுள்ள ஒவ்வொரு யந்திரமும், யந்திரத்தினின்று கழற்றித் தனியே கையாளத்தக்க ஒவ்வொரு முக்கிய உறுப்பும், எப்போது வாங்கப்பட்டது, எங்கே பூட்டப்பட்டது, எத்தனை மணி ஓடியது, என்றைக்கு யாரால் பழுது பார்க்கப்பட்டது, முடிவில் என்ன காரணத்தால் கழிக்கப்பட்டது என்னும் விவரங்களைத் தொடர்ச்சியாகக் காட்டும் ஆவணமாகும். நெடுங்காலம் ஆபீஸ் அலமாரியில் தடித்த அட்டைப் பேரேடாகவும், ஃபிட்டரின் சட்டைப்பையில் எண்ணெய்க் கறை படிந்த சிறு நோட்டாகவும் இரு வடிவங்களில் வாழ்ந்து வந்த இந்த ஆவணம், இப்போது கணக்கு, ஸ்டோர், கொள்முதல் ஆகியவற்றோடு சேர்ந்து வணிக நிர்வாக மென்பொருளின் ஓர் அங்கமாகி வருகிறது. பேரேடு சொன்னதும் நோட்டு சொன்னதும் ஒருபோதும் ஒன்றாக இருந்ததில்லை. அவ்விரண்டையும் ஒரே திரையில் கொண்டுவந்து வைத்தபோதுதான் அந்த வேற்றுமை எத்தனை பெரியது என்பது வெளிப்பட்டது. நீலகிரியின் தேயிலைத் தொழிற்சாலைகளில் இதனை மிகத் தெளிவாகக் காணலாம்.

தொழிற்சாலையும் பருவமும்

நீலகிரியில் தேயிலை, பெரிய எஸ்டேட்டுகளின் பயிராக மட்டும் இருப்பதன்று. ஓர் ஏக்கரும் இரண்டு ஏக்கரும் வைத்திருக்கும் சிறு விவசாயிகளின் பயிராகவும் இருக்கிறது. அவர்களுடைய கொழுந்தை அரைத்துத் தருவதற்கென்றே 1962-இல் குந்தாவில் கூட்டுறவுத் தொழிற்சாலை தோன்றி, பிறகு அத்தகைய தொழிற்சாலைகளின் இணையமாக 1965-இல் இண்ட்கோசர்வ் அமைந்தது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கும் உத்தேசத்துடன் 1968-இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கி, அதுவே பின்னர் டான்டீ நிறுவனமாயிற்று. இவற்றோடு, விவசாயிகளிடமிருந்து கொழுந்து வாங்கி அரைக்கும் ‘பாட் லீஃப்’ தொழிற்சாலைகள் பல உள்ளன. சொந்தத் தோட்டம் உள்ளவன் பறிப்பைத் தன் யந்திரத்தின் சக்திக்கேற்ப ஒருவாறு நிதானித்துக்கொள்ளலாம். வாங்கி அரைப்பவனுக்கோ, மழை நின்று வெயில் அடித்த வாரத்தில் லாரி லாரியாக வந்து இறங்கும் கொழுந்தைத் திருப்பியனுப்பவும் இயலாது, இரண்டு நாள் கிடத்திவைக்கவும் இயலாது. கிடந்த கொழுந்து சூடேறிச் சிவந்துபோம். ஆகையால் நள்ளிரவில் ஒரு பேரிங் பிடித்துக்கொண்டு லைன் நின்றால், அதனால் ஏற்படும் நஷ்டத்தைப் பேரிங்கின் விலையால் அளப்பதில்லை. வாட்டும் தொட்டியில் காத்துக் கிடக்கும் கொழுந்தின் விலையால் அளக்கிறார்கள்.

தொழிற்சாலைக்குள் நுழைந்த கொழுந்து முதலில் டிரஃப் என்னும் நீண்ட வலைத்தட்டுத் தொட்டியில் விசிறிக் காற்றால் வாட்டப்பட்டு, ரோட்டர்வேனில் கசங்கி, மூன்று நான்கு சி.டி.சி. யந்திரங்களில் அடுத்தடுத்து வெட்டுண்டு, புளித்து நிறம் மாறி, டிரையரில் உலர்ந்து, சல்லடைகளில் தரம் பிரிந்து மூட்டையாகிறது. நான்கு கிலோவுக்கு மேற்பட்ட பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகச் சுருங்கும் இப்பாதையில் மோட்டார்களும் கியர்ப் பெட்டிகளும் கன்வேயர்களும் எத்தனையோ உள. ஆயினும் பதிவேட்டின் முழுச் சிக்கலையும் ஒரே பொருளில் காண விரும்புவோர் சி.டி.சி. யந்திரத்தின் ரோலர் என்னும் உருளையைப் பார்த்தால் போதும்.

ரோலர்

நசுக்குதல், கிழித்தல், சுருட்டுதல் என்னும் மூன்று செயல்களின் ஆங்கிலப் பெயர்களிலிருந்து முதலெழுத்துகளை எடுத்துப் பெயரிடப்பட்ட சி.டி.சி. யந்திரம், 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வில்லியம் மெக்கெர்ச்சர் என்பவரால் அஸ்ஸாமில் உருவாக்கப்பட்டது. அதன் உயிர், எதிரெதிராகச் சுழலும் ஒரு ஜோடி எஃகு உருளைகள். ஒன்று நிமிஷத்துக்கு ஏறத்தாழ 70 சுற்றும், மற்றொன்று அதைப்போல் பத்து மடங்கும் சுழல, அவற்றின் நுண்ணிய பற்களுக்கிடையே அகப்பட்ட இலை துகளாகக் கிழிபடுகிறது. உருளை ஒரே வார்ப்பன்று. எவர்சில்வர் வளையங்களான செக்மெண்டுகளை ஒரு தண்டில் நெருக்கமாகக் கோத்து, இறுக்கி, லேத்தில் பல் வெட்டி எடுப்பது.

பல் மழுங்கினால் தேயிலை நசுங்குமேயன்றி வெட்டுப்படாது. துகள் பெருத்து, நார் மிகுந்து, குடிக்கும்போது சாறு இறங்காது. ஆகவே ஓடிய மணிக்கணக்கைப் பார்த்து, அல்லது டீ மேக்கர் உள்ளங்கையில் ஒரு பிடி அள்ளித் தேய்த்து முகம் சுளிப்பதைப் பார்த்து, ஜோடியைக் கழற்றி ஷார்ப்பனிங் அறைக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே மில்லிங், சேசிங் என்னும் இரு வேலைகளில் பழைய பல் சீவப்பட்டுப் புதுப் பல் எழுகிறது. ஒவ்வொரு தடவையும் உருளையின் விட்டம் சிறிது குறைகிறது. சுமார் எட்டு அங்குல விட்டத்தில் வாழ்க்கையைத் தொடங்கும் உருளை இவ்வாறு மெலிந்துகொண்டே போக, சுற்றின் எண்ணிக்கை மாறாதிருந்தாலும் விட்டம் குறைந்த அளவுக்கு மேற்பரப்பின் வேகம் குறைந்து, வெட்டின் தன்மையும் மாறுகிறது. முதல் வெட்டில், அதாவது வரிசையின் முதல் யந்திரத்தில், இருந்த ஜோடி சாணைக்குப் போய்த் திரும்பி வரும்போது அதே இடத்துக்கு வரவேண்டும் என்பதில்லை. மூன்றாம் வெட்டுக்குப் போகலாம், அடுத்த லைனுக்கும் போகலாம், மாற்று ஜோடியாக ராக்கில் ஒரு வாரம் உட்காரவும் செய்யலாம்.

பழைய பேரேட்டில் ‘இரண்டாம் லைன், மூன்றாம் யந்திரம்’ என்று தலைப்பிட்ட பக்கத்தில், அந்த இடத்துக்குச் செய்த வேலைகள் எல்லாம் தேதிவாரியாக இருக்கும். ஆனால் அங்கே இன்று சுழலும் ரோலர் எத்தனை தடவை சாணை கண்டது, இன்னும் எத்தனை தடவை தாங்கும் என்று கேட்டால் அந்தப் பக்கம் வாய் திறவாது. அதைச் சொல்லக்கூடியது ஃபிட்டரின் நோட்டு. ஏனெனில் அவர் ரோலரின் தண்டு முனையில் உளியால் கொத்திய எண்ணைக் கொண்டு கணக்கு வைக்கிறார். மென்பொருள் விற்கும் கம்பெனிகள் எல்லாம் கண்டுபிடிப்பதற்கு முன்பே இந்த ஃபிட்டர்கள் கண்டுபிடித்துவிட்ட விஷயம் இது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

மென்பொருளில்

1972-இல் ஜெர்மனியில் தோன்றிய எஸ்.ஏ.பி. நிறுவனத்தின் பராமரிப்பு மென்பொருள், இடத்துக்கும் பொருளுக்கும் உள்ள இந்தப் பேதத்தையே தன் அஸ்திவாரமாகக் கொண்டது. அது ‘செயலிடம்’ என்றொரு பதிவையும் ‘சாதனம்’ என்றொரு பதிவையும் வேறாக வைக்கிறது. இரண்டாம் லைன் மூன்றாம் வெட்டு என்பது செயலிடம். அது தொழிற்சாலை உள்ளவரை நிலைத்திருப்பது. அதில் இன்று பூட்டியுள்ள ரோலர், மோட்டார், கியர்ப் பெட்டி ஆகியவை சாதனங்கள். அவை தத்தம் வரிசை எண்ணோடு இடத்துக்கு இடம் குடிபெயர்வன. பெயர்த்துப் பூட்டும் ஒவ்வொரு தடவையும் தேதியிட்டுப் பதிந்தால், இடத்தின் சரித்திரத்தையும் பொருளின் சரித்திரத்தையும் தனித்தனியே கேட்டுப் பெறலாம். மும்பையில் உருவான திறந்த மூல மென்பொருளாகிய ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட்டில் இதே காரியம் சொத்துப் பதிவு, இடமாற்றப் பதிவு, பராமரிப்பு அட்டவணை, பழுதுப் பதிவு என்னும் படிவங்களால் நடைபெறுகிறது. கட்டணமின்றிக் கிடைப்பதால் சிறிய தொழிற்சாலைகளுக்கும் எட்டக்கூடியது.

இந்தப் பிரிவினையின் பயனை மோட்டாரில் உடனே காணலாம். ஐந்தாம் டிரஃபின் விசிறி மோட்டார் ஆறு மாதத்தில் மூன்று தடவை எரிந்தது என்று இடத்தின் சரித்திரம் சொன்னால், குற்றம் பெரும்பாலும் மோட்டாருடையதன்று. மின்னழுத்தம், ஈரம், வளைந்த விசிறித் தண்டு இவற்றில் ஒன்றைத் தேட வேண்டும். அதற்கு மாறாக, ஒரே எண்ணுள்ள மோட்டார் மூன்று வெவ்வேறு இடங்களில் எரிந்தது என்று பொருளின் சரித்திரம் சொன்னால், அதை நான்காம் தடவை ரீவைண்டிங்குக்கு மேட்டுப்பாளையம் அனுப்புவது வீண் செலவு. இரண்டையும் ஒரே பக்கத்தில் கலந்து எழுதிய பேரேட்டிலிருந்து இந்த முடிவுக்கு வர முடியாது.

கணக்குப் பிள்ளையின் பார்வை வேறு. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பொதுவான யந்திரங்களுக்கு 15 ஆண்டு ஆயுள் வகுக்கிறது. தணிக்கையாளர் அறிக்கைக்கான 2020-ஆம் ஆண்டு உத்தரவோ, சொத்துகளின் அளவும் அவை இருக்குமிடமும் முறையாகப் பதியப்பட்டுள்ளனவா என்று தணிக்கையாளர் சொல்ல வேண்டும் என்கிறது. கணக்குப் பிள்ளைக்குச் சி.டி.சி. யந்திரம் ஒரு சொத்து, ரோலர் செக்மெண்ட் ஸ்டோர் சாமான்; ஃபிட்டருக்கோ யந்திரத்தின் சட்டம் வெறும் கூடு, ரோலரே சொத்து. ஒரு முக்கிய உறுப்பின் ஆயுள் முழு யந்திரத்தின் ஆயுளிலிருந்து வேறுபட்டால் அதற்குத் தனியே தேய்மானம் கணக்கிட வேண்டும் என்று அதே அட்டவணை சொல்வதால், சட்டமும் ஓரளவு ஃபிட்டரின் பக்கமே நிற்கிறது. எனினும் இருவரும் ஒரே பெயர்ப் பட்டியலை ஒப்புக்கொள்வதற்குள் பல மாதங்கள் ஓடிவிடுவதுண்டு. ‘பிரதான உலர்த்தி எண் 1’ என்று ஆபீஸில் பதிந்ததும், ‘பழைய டிரையர்’ என்று ஷிப்டில் சொல்வதும், தகட்டில் அச்சடித்த எண்ணும் ஒரே பொருளைக் குறிப்பன என்று யாரேனும் உட்கார்ந்து நிச்சயித்தாக வேண்டும்.

அட்டவணை

பராமரிப்பு அட்டவணையை நாட்காட்டியின்படி அமைப்பது மென்பொருளின் இயல்பு. மாதம் ஒரு முறை கிரீஸ், மூன்று மாதத்துக்கு ஒரு முறை எண்ணெய் மாற்றம் என்று பதிந்துவிட்டால் அது தவறாமல் நினைவூட்டும். நீலகிரியில் இந்த ஒழுங்கு பொய்யாகிறது. கோடை மழைக்குப் பின் ஏப்ரல் முதல் ஜூன் வரையும், மறுபடி செப்டம்பர் அக்டோபரிலும் கொழுந்து குவியும்போது யந்திரம் இரவும் பகலும் ஓடும். டிசம்பரில் உறைபனி விழத் தொடங்கிச் செடி கருகிய பின், வாரத்தில் சில நாள் ஓடினாலே அதிகம். மே மாதத்து முப்பது நாளும் ஜனவரி மாதத்து முப்பது நாளும் பேரிங்குக்கு ஒன்றல்ல. ஆகவே மணிக்கணக்கு மீட்டரைப் பூட்டி, அல்லது அன்றன்று அரைத்த கொழுந்தின் எடையையே ஓட்டத்தின் அளவாகக் கொண்டு, அதன்மேல் அட்டவணையை அமைப்பதே உசிதம். கொழுந்தின் எடை எப்படியும் விவசாயிக்குப் பணம் கொடுப்பதற்காகத் தினந்தோறும் மென்பொருளில் ஏறுகிறது. அதை ரோலரின் கணக்கோடு இணைக்கத் தனியாக ஓர் ஆள் வேண்டியதில்லை. பெரிய பழுதுகளையும் முழுப் பிரிப்பையும் உறைபனி மாதங்களுக்கு ஒதுக்குவது இங்கே பழைய சம்பிரதாயம்.

மாற்றுச் சாமான் இருப்பு நிர்ணயத்துக்கும் மலைக்கென்று ஒரு நியாயம் உண்டு. 2009 நவம்பரில் பெருமழையும் நிலச்சரிவும் மாவட்டத்தைத் தாக்கி உயிர்களைப் பறித்துச் சாலைகளையும் ரயில் பாதையையும் துண்டித்தபோது, சமவெளியிலிருந்து வர வேண்டிய எந்தச் சாமானும் வருவதற்கில்லாமற் போயிற்று. கோயம்புத்தூரிலிருந்து ஒரே நாளில் வரும் பேரிங்குக்குக் குறைந்த இருப்பு பூஜ்யம் என்று மென்பொருள் கணக்கிட்டுக் காட்டினாலும், மழைக்காலத்துக்கு அந்தக் கணக்கை ஏற்பது விவேகமன்று.

பதிவேட்டுக்கு வேறொரு கடமையும் வந்து சேர்ந்திருக்கிறது. ரோலரின் பல் தேயும்போது இரும்புத் துகள் தேயிலையோடு கலக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் ஒரு கிலோ தேயிலையில் 250 மில்லிகிராம் வரையே இதனை அனுமதிக்கின்றன. சாணை கண்ட ரோலரை எப்படித் துடைத்தார்கள், சல்லடை வரிசையிலுள்ள காந்தங்களை எத்தனை மணிக்கு யார் சுத்தம் செய்தார்கள் என்பன இதனால் உணவுப் பாதுகாப்புச் சாட்சியங்களாகிவிட்டன. அதுபோலவே டிரையரின் விறகு அடுப்பில் சூடேற்றும் குழாய் ஒன்று விரிசல் கண்டால், புகை வெப்பக் காற்றோடு கலந்து தேயிலையில் ஏறும். குன்னூர் ஏலத்துக்குப் போன மாதிரியைச் சுவைத்தவர் ‘புகை’ என்று ஒரு சொல் எழுதி விலையைக் குறைப்பார். அந்த லாட் உலர்ந்த தேதியையும் குழாய் அடைத்த தேதியையும் அருகருகே வைத்துப் பார்க்க முடிகிற தொழிற்சாலை, குற்றத்தை ஒரு நிமிஷத்தில் கண்டுகொள்ளும்.

மென்பொருள் பொய் சொல்லும் வழிகளும் உள. பழுதின் காரணத்துக்கென்று நாற்பது இனங்கள் கொண்ட பட்டியலைக் கொடுத்தால், கையெல்லாம் கிரீஸாக நிற்கும் ஃபிட்டர் கடைசியிலுள்ள ‘இதர’ என்பதையே தொடுவார். ஓர் ஆண்டு முடிவில் தொழிற்சாலையின் முக்கிய வியாதி ‘இதர’ என்று அறிக்கை வரும். ஆறேழு காரணங்களைத் தமிழில், அவர் வாயில் வழங்கும் சொல்லிலேயே கொடுப்பது நன்று. பள்ளத்தாக்கிலுள்ள தொழிற்சாலைகளில் சிக்னல் நிலையற்றதாகையால், இணைப்பின்றிப் பதிந்து பிறகு அனுப்பும் வசதியில்லாத மென்பொருளை வாங்குவோர், மறுபடி நோட்டுப் புத்தகத்துக்கே திரும்புகின்றனர்.

பதிவேட்டின் நீண்ட பயனுக்கு இம்மலையிலேயே ஓடும் உதாரணம் ஒன்றுண்டு. மேட்டுப்பாளையம்–உதகை ரயில் பாதையின் பல்சக்கர எக்ஸ் வகை எஞ்சின்கள் ஸ்விட்ஸர்லாந்தின் விண்டர்தூர் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை; இன்று அவற்றுக்கு உறுப்பு கேட்டு அங்கே எழுத முடியாது. பழுது பார்த்துப் பார்த்துச் சேர்ந்த அனுபவத்தைக் கொண்டு, 2011 முதல் திருச்சி பொன்மலைப் பணிமனை புதிய எக்ஸ் எஞ்சின்களையே கட்டத் தொடங்கியது. செய்தவன் மறைந்த பிறகு, பழுது பார்த்தவனின் ஏடே செய்தவனின் ஸ்தானத்துக்கு வருகிறது.

உறுப்பு உறுப்பாக மாறிய எஞ்சின் பழைய எஞ்சின்தானா என்னும் கேள்வி ரோலருக்கும் உண்டு. சாணையால் மெலிந்த செக்மெண்டுகளைக் கழித்துவிட்டு, அதே தண்டில் புதிய செக்மெண்டுகளைக் கோத்தால், வந்தது பழைய ரோலரா, புதிய ரோலரா? தண்டுக்கு ஒரு நிலையான எண்ணும், செக்மெண்ட் தொகுதிக்கு ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு புது எண்ணும் கொடுத்து, முன்னதன் கீழ் பின்னதைப் பதிவதே சரியான முறை. தண்டு வளைந்தால் தண்டின் பக்கத்திலும், பல் உதிர்ந்தால் தொகுதியின் பக்கத்திலும் எழுதப்படும். மென்பொருளில் இதற்குக் கட்டம் இல்லாத தொழிற்சாலைகளில், ஃபிட்டர் தண்டு முனையிலுள்ள பழைய எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சிறு கோடு கொத்தி வைக்கிறார். மூன்று கோடு கண்ட தண்டு, மூன்று தடவை மறு உடல் எடுத்தது.