தண்டவாளமும் துவிச்சக்கரவண்டியும்: யாழ்ப்பாணக் குடாநாட்டுப் போக்குவரத்தின் சமூக வரலாறு பற்றிய சில கருத்துக்கள்

1

போக்குவரத்தின் வரலாறு எம்மிடையே பெரும்பாலும் நிருவாகத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த ஆண்டில் எந்தப் பாதை திறக்கப்பட்டது, எந்தத் தேசாதிபதியின் காலத்தில் அது நிறைவேறியது என்பனவே அத்தகைய வரலாற்றின் செய்திகள். எந்த வர்க்கத்தின் தேவை அப்பாதையை வேண்டி நின்றது, அதன்மீது யார் செல்ல முடிந்தது, யார் தடுக்கப்பட்டனர் ஆகிய வினாக்கள் அங்கு எழுவதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் புகையிரதத்தையும் துவிச்சக்கரவண்டியையும் ஒருசேர வைத்து நோக்கும்பொழுது இவ்வினாக்களைத் தவிர்க்க இயலாது. முன்னையது அரசு அமைத்தது, ஆவணங்களில் இடம்பெற்றது. பின்னையது உழைக்கும் மக்கள் தாமே தேடிக்கொண்டது. ஆவணங்களில் அருகியே காணப்படுவது.

மேலைநாடுகளில் கைவிடப்பட்ட புகையிரதப் பாதைகளைச் சைக்கிளோட்டிகளுக்கும் நடந்து செல்வோருக்கும் உரிய பாதைகளாக மாற்றும் இயக்கம் கடந்த அரை நூற்றாண்டாக வளர்ந்து வந்துள்ளது. அவ்வியக்கத்தின் அனுபவம் எமது குடாநாட்டிற்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை, இவ்விரு சாதனங்களினதும் சமூக வரலாற்றை அடிப்படையாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

இலங்கையின் புகையிரதப் பாதை பெருந்தோட்ட மூலதனத்தின் படைப்பு. 1865இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரையும், 1867இல் கண்டி வரையும் அது சென்றமைக்குக் காரணம் மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுவரும் தேவையே. கோப்பியோ தேயிலையோ விளையாத வடபகுதி நீண்டகாலம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1902 மார்ச்சில் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையிலான பகுதி திறக்கப்பட்டது. 1905 ஓகஸ்டிலேயே குடாநாடு தென்னிலங்கையுடன் தொடர்ச்சியான பாதையால் இணைந்தது.

இவ்விணைப்பின் சமூக விளைவு பெரிது. மிஷன் பாடசாலைகளிலும் சைவப் பாடசாலைகளிலும் ஆங்கிலம் கற்ற இளைஞர் எழுதுவினைஞராகவும் ஆசிரியராகவும் கொழும்புக்குச் செல்வதற்கு வழி இலகுவாயிற்று. அவர்கள் அனுப்பிய பணத்தில் ஊரிலே வீடும் வளவும் சீதனமும் பெருகின. மணியோடர்ப் பொருளாதாரம் என்று பின்னாளில் வழங்கலான அமைப்பின் முதுகெலும்பு இப்பாதையே. புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் தெற்கே சென்றன. 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் பொருளும் இதே வழியாற் சென்றது. 1956 ஏப்ரிலில் ஓடத் தொடங்கிய 'யாழ்தேவி' இப்பொருளாதாரத்தின் பெயர்பெற்ற சின்னமாயிற்று.

ஆயின், புகையிரதம் குடாநாட்டை வெளியுலகுடன் இணைத்ததே தவிர, குடாநாட்டின் உள்ளே தோட்டத்தையும் சந்தையையும், கரையோரத்தையும் ஊர்மனையையும் அது இணைக்கவில்லை. அப்பணியை மாட்டுவண்டியும், காலப்போக்கில் துவிச்சக்கரவண்டியும் செய்தன.

3

இன்று நாம் காணும் வடிவிலான துவிச்சக்கரவண்டி 1885க்குப் பின்னர் இங்கிலாந்தில் உருவானது. 1888இல் டன்லொப் ஆக்கிய காற்றடைத்த ரயர் அதனைப் பெருந்தொகை மக்களின் ஊர்தியாக்கியது. அந்த ரயருக்கு வேண்டிய இறப்பரின் ஒரு பகுதி பிற்காலத்தில் இலங்கைத் தோட்டங்களிலிருந்தே சென்றது. தோட்டத் தொழிலாளி வெட்டிய இறப்பர் மேற்கே ஏற்றுமதியாகி, 'றலி', 'ஹம்பர்' என்னும் பெயர் தாங்கிய வண்டிகளின் சக்கரங்களாக மீண்டும் இந்நாட்டுக்கு வந்தது. குடியேற்றப் பொருளாதாரத்தின் முழுச் சுற்றையும் ஒரு சைக்கிளிற் காணலாம்.

யாழ்ப்பாணச் சமூகத்தில் இப்பண்டம் வெறும் பண்டமாக இருக்கவில்லை. சாதியமைப்பின் அடக்குமுறை, ஒடுக்கப்பட்ட மக்களின் உடையிலும் உடலிலும் நடமாட்டத்திலும் வெளிப்பட்டமை யாவரும் அறிந்தது. மேலாடை அணிதல், காலணி அணிதல், குடை பிடித்தல், பேருந்தில் ஆசனத்தில் அமர்தல் ஆகியவை அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தன. 1968ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேச நெருக்கடி குறித்து 1990இல் வெளியான ஆய்வொன்றில், மானிடவியலாளர் பிறையன் பஃபென்பேர்கர் இத்தகைய தடைகளின் பட்டியலிற் சைக்கிள் வைத்திருத்தலையும் சேர்த்துள்ளார். இத்தடையின் பொருள் ஆழ்ந்து நோக்கத்தக்கது. உழைப்பவன் வயலுக்கும் தோட்டத்துக்கும் வரவேண்டும். ஆனால் தான் விரும்பிய வேளையில், விரும்பிய இடத்துக்கு, நிமிர்ந்து அமர்ந்து செல்லுதல் கூடாது. அவனது உழைப்புக்கு அசைவு வேண்டும். அவனது ஆளுமைக்கு அசைவு ஆகாது. நிலவுடைமை உறவுகள் பாதையின்மீது கொண்ட அதிகாரத்தையே இது காட்டுகின்றது.

இவ்வதிகாரம் தானாகத் தளரவில்லை. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 1958இல் பேருந்துச் சேவை அரசுடைமையாயிற்று. சட்டம் ஏட்டளவில் நின்றபொழுது போராட்டமே அதற்கு உயிரூட்டியது. 1966 ஒக்டோபர் 21இல் பொதுவுடைமையாளர் தலைமையிற் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்ட ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுரத்தில் மூண்ட ஆலயப் பிரவேசப் போராட்டமும் இதன் சிகரங்கள். சுன்னாகமும் மாவிட்டபுரமும் காங்கேசன்துறைப் புகையிரதப் பாதையிலுள்ள நிலையங்கள். 1905லேயே பயணச்சீட்டுப் பெற்றுக் கொழும்பு செல்லக்கூடியதாயிருந்த அவ்வூர்களில், அறுபது ஆண்டுகளின் பின்னரும் வீதியிலும் ஆலயத்திலும் சமத்துவத்துக்காக மக்கள் போராட வேண்டியிருந்தது. தொழினுட்பம் சமூக உறவுகளைத் தானே மாற்றிவிடும் என்ற வாதத்துக்கு இதனினும் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

மீன் பெட்டியைக் கரியரிற் கட்டி ஊர்மனைகளுக்குச் செல்லும் வியாபாரி, விறகுக் கட்டுச் சுமந்து வருபவர், பனையேறும் தொழிலாளி, தச்சர், கொத்தனார் எனப் பலருக்கும் சைக்கிள் உற்பத்திக் கருவியாயிற்று. மாணவரும் ஆசிரியரும் அதிலேயே சென்றனர். குடாநாட்டின் சமதரையும், ஊர்கள் ஒன்றையொன்று நெருங்கி அமைந்தமையும் இதற்குத் துணைபுரிந்தன.

4

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதச் சேவை நின்றது. குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லாதொழிந்தது; எரிபொருள் உள்ளிட்ட பல பொருள்கள்மீது பொருளாதாரத் தடை விழுந்தது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் பயன்பட்டன. எஞ்சியது மண்ணணை மட்டுமே. சில இடங்களில் அது ஊரவர் நடந்தும் சைக்கிளிலும் செல்லும் வழியாயிற்று. சில இடங்களிற் பற்றைக்காடாயிற்று. நிலமற்றோர் குடிசை அமைத்த இடங்களும் உண்டு. முகமாலையை அண்டிய பகுதி போர்முனையாகிக் கண்ணிவெடிகளால் நிறைந்தது.

இக்காலத்திற் குடாநாட்டின் வாழ்க்கை சைக்கிளின்மீது நகர்ந்தது என்பது மிகையன்று. மோட்டார் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின, அதுவும் கிடைத்தவர்க்கே. நோயாளியும் நெல்மூடையும் சவப்பெட்டியும் சைக்கிளிற் சென்றன. வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தால் வானொலிச் செய்தி கேட்டனர். ஆனையிறவுப் பாதை அடைபட்டபொழுது கொம்படி – ஊரியான் வழியாகவும், பின்னர் கிளாலிக் கடனீரேரியில் இரவில் வள்ளங்களிலும் சைக்கிள்களை ஏற்றிச் சென்று வன்னியையும் வவுனியாவையும் அடைந்தனர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபொழுது, நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த மக்களின் உடைமைகளிற் பெரும்பகுதி சைக்கிள்களிலேயே இருந்தது.

இவ்வனுபவத்தை இன்று சிலர் பொற்காலமாக நினைவுகூருகின்றனர். புகையில்லா வீதிகள், எல்லோரும் சமமாகச் சைக்கிளோட்டிய நாள்கள் என்று எழுதப்படுகின்றது. இதனை நாம் ஏற்க முடியாது. தடையின் சுமையைச் சமமாகச் சுமந்ததாகக் கூறப்படும் அச்சமூகத்திலிருந்தே 1990 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாண முஸ்லிம்கள், தம் உடைமைகளை விட்டு, விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். இரும்புச் சாமான் வியாபாரத்திலும் தையலிலும் பிற கைத்தொழில்களிலும் குடாநாட்டோடு பின்னிப் பிணைந்திருந்த மக்கள் அவர்கள். பணமுடையோர் கொழும்புக்கும் வெளிநாடுகளுக்கும் சென்றனர். செல்ல இயலாதோரே பெரும்பாலும் சைக்கிளுடன் எஞ்சினர். ஆகவே, தடைக்காலச் சைக்கிள் மக்களின் ஆக்கத்திறனுக்குச் சான்று. அக்காலச் சமூகத்தின் நீதிக்குச் சான்றன்று.

5

மேலைநாடுகளின் பசுமைப் பாதை இயக்கம் வேறொரு வரலாற்றிற் பிறந்தது. பிரித்தானியாவில் 1963இல் வெளியான பீச்சிங் அறிக்கை ஆயிரக்கணக்கான மைல் புகையிரதப் பாதையை இலாபமற்றதென மூடுவதற்கு வழிகோலியது. ஐக்கிய அமெரிக்காவில் நெடுஞ்சாலையும் மோட்டார்க் கைத்தொழிலும் வளர, புகையிரதக் கம்பனிகள் பாதைகளைக் கைவிட்டன. விஸ்கொன்சின் மாநிலத்தில் எல்றோய் – ஸ்பார்ட்டா பாதை 1967இல் மக்கள் பாவனைக்கு வந்தது. 1983இல், கைவிடப்படும் பாதையை எதிர்காலப் புகையிரதத் தேவைக்காகப் பேணிக்கொண்டே இடைக்காலத்திற் பொதுவழியாகப் பயன்படுத்தலாம் என அங்கு சட்டம் இயற்றப்பட்டது. இங்கிலாந்திலே 1977இல் பிறிஸ்டல் நகரச் சைக்கிளோட்டிகள் அமைத்த குழு, தொண்டர் உழைப்புடன் பிறிஸ்டல் – பாத் பாதையை உருவாக்கியது.

மூலதனம் கைவிட்டதை மக்கள் பொதுச்சொத்தாக மீட்டெடுத்தமை இவ்வியக்கத்தின் முற்போக்கான அம்சம். எனினும், பல இடங்களில் அது ஓய்வுநேரப் பொழுதுபோக்கின் எல்லையைத் தாண்டவில்லை. எமக்கு இதனினும் நெருங்கிய பாடம் தமிழ்நாட்டிலேயே உண்டு. 1990களின் தொடக்கத்திற் புதுக்கோட்டை மாவட்டத்தின் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளோட்டவும் கிராமப்புறப் பெண்களுக்குக் கற்பித்தது. கல்லுடைக்கும் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் அதிற் பங்குகொண்டனர். அங்கே சைக்கிள் பொழுதுபோக்கன்று. வேலைக்கும் சந்தைக்கும் பிறர் தயவின்றிச் செல்லும் உரிமை. சைக்கிளுக்கான எந்த இயக்கமும் யாருக்காக என்ற வினாவை முதலில் விடுக்க வேண்டும் என்பதை இது காட்டுகின்றது.

6

எமது பாதை இலாபமின்மையாற் கைவிடப்பட்டதன்று, போரால் அழிக்கப்பட்டது. அது மீள வேண்டும் என்பதே மக்களின் நியாயமான கோரிக்கையாக இருந்தது. இந்தியக் கடனுதவியுடன் இர்கொன் நிறுவனம் பாதையை மீள அமைக்க, 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியிற் காங்கேசன்துறைக்கும் புகையிரதம் மீண்டது. இருபத்துநான்கு ஆண்டுகள் புகையிரதத்தையே காணாது ஒரு தலைமுறை வளர்ந்திருந்தது. காவலற்ற கடவைகளில் உயிர்கள் பலியாயின.

இதே காலத்தில் வீதிகள் அகலமாக்கப்பட்டுக் காபெற் இடப்பட்டன. நிதிக் கம்பனிகள் வடக்கே கிளை பரப்பின. லீசிங் முறையில் மோட்டார் சைக்கிளும் முச்சக்கரவண்டியும் வீடுதோறும் வந்தன. அவற்றோடு கடனும் வந்தது. புதிய வீதிகள் மோட்டார் வாகனத்தின் வேகத்துக்கென அமைந்தன. மீன் வியாபாரியும் பாடசாலைச் சிறுமியும் வீதியின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டனர். பின்னர் 2022இல் அந்நியச் செலாவணி நெருக்கடியால் எரிபொருள் அரிதாயிற்று. மக்கள் மூலையிற் கிடந்த சைக்கிள்களை மீண்டும் எடுத்தனர். புதியவற்றின் விலையும் உதிரிப்பாகங்களின் விலையும் எட்டாத உயரத்துக்குச் சென்றிருந்தன. நெருக்கடி தணிந்ததும் சைக்கிள் மீண்டும் மறக்கப்பட்டது. போரிலும் பஞ்சத்திலும் சைக்கிளை நம்பும் சமூகம், சாதாரண காலத்தில் அதற்கு ஒரு முழ அகலப் பாதையையும் ஒதுக்குவதில்லை.

7

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு நாம் வரலாம். புகையிரதத்துக்குப் பதிலாகச் சைக்கிள் பாதை என்பது குடாநாட்டிற்குப் பொருந்தாது. புகையிரதத்தோடு சைக்கிள் பாதை என்பதே பொருந்தும். யாழ்ப்பாணம் – காங்கேசன்துறைப் பகுதியை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்திற் போதனா வைத்தியசாலை, கொக்குவிலிற் தொழினுட்பக் கல்லூரி, சுன்னாகத்திற் சந்தை, தெல்லிப்பழையில் ஆதார வைத்தியசாலை என மக்கள் நாளாந்தம் நாடும் இடங்கள் இப்பாதையை அண்டியே உள்ளன. புகையிரதத் திணைக்களத்தின் ஒதுக்கு நிலத்தில் இடமுள்ள பகுதிகளில், வேலியாற் பிரிக்கப்பட்ட சைக்கிள் வழி அமைத்தல் வேண்டும். இடமில்லாத பகுதிகளில் அண்மையிலுள்ள உள்ளொழுங்கைகளை அதனுடன் இணைக்கலாம். கடவைகள் யாவற்றுக்கும் காவல் வேண்டும். கடவைக் காப்பாளருக்கு நிரந்தர வேலையும் உரிய வேதனமும் வேண்டும். நிலையங்களிற் சைக்கிளைப் பாதுகாப்பாக நிறுத்த வசதி வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் அவசியமாகின்றது. புகையிரத ஒதுக்கு நிலத்தின் ஓரங்களிற் குடியிருப்போர் பெரும்பாலும் காணியற்றோர். குடாநாட்டிற் காணியின்மை சாதியோடும் இடப்பெயர்வோடும் பிணைந்த பிரச்சினை. பசுமைப் பாதை என்ற அழகிய பெயரில் அவர்கள் வெளியேற்றப்படுவாராயின், சைக்கிளின் பெயரால் சைக்கிளோட்டியையே விரட்டியதாக முடியும். மாற்றுக் காணியும் வீடும் வழங்கப்பட்ட பின்னரன்றி எவரும் அகற்றப்படலாகாது என்பது எமது கோரிக்கையின் பிரிக்க முடியாத பகுதியாதல் வேண்டும். உல்லாசப் பயணிகளுக்கென ஒரு பாதை, உழைப்போருக்கென வீதியோரப் புழுதி என்ற பிரிவினையையும் நாம் ஏற்றல் ஆகாது.

சைக்கிள் வைத்திருக்கும் உரிமையே மறுக்கப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் இன்று அதே ஊர்களில் வேலைக்கும் பாடசாலைக்கும் சைக்கிளிற் செல்கின்றனர். அவ்வுரிமை எவராலும் கொடுக்கப்பட்டதன்று, போராடிப் பெறப்பட்டது. அவர்கள் பாதுகாப்பாகச் செல்வதற்குரிய பாதையும் அவ்வாறே கோரிப் பெறப்பட வேண்டியது. அக்கோரிக்கையைத் தொழிற்சங்கங்களும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களும் மாதர் அமைப்புகளும் மாணவரும் தமதாக்கிக்கொள்ளும்பொழுதே அது திட்டமிடுவோரின் செவிக்கு எட்டும்.