கீழூரில் கேட்டார்கள், அதன் பிறகு கேட்கவில்லை

புதுச்சேரி இந்தியாவோடு சேரலாமா என்ற கேள்வி 1954 அக்டோபர் 18 அன்று, வில்லியனூர்ப் பக்கத்துக் கீழூரில் வாக்குக்கு விடப்பட்டது. வாக்களித்தவர்கள் 178 பேர். சேரலாம் என்றவர்கள் 170, வேண்டாம் என்றவர்கள் 8. இந்த எண்கள் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். யார் அந்த 178 பேர் என்று கேட்டால்தான் பதில் வராது. பிரதிநிதி சபை உறுப்பினர்களும் நகராட்சி மன்ற உறுப்பினர்களும்தான் அவர்கள். ஓர் ஊர் எந்த நாட்டைச் சேர வேண்டும் என்று முடிவெடுத்தவர்களில் உள்ளாட்சி உறுப்பினர்களும் இருந்தார்கள் என்பதைக் கொஞ்சம் நின்று கவனிக்கச் சொல்கிறேன்.

அந்த மன்றங்கள் பிரெஞ்சுக்காரர் 1880இல் போட்ட ஆணையில் தொடங்கியவை. அன்று ஆண்களுக்கு மட்டுமே வாக்கு. பிரான்சிலேயே பெண்களுக்கு வாக்குரிமை 1944இல்தான் வந்தது. பிரெஞ்சு போனாலும் ‘கொம்யூன்’ என்ற சொல் போகவில்லை. இன்றைக்கும் பாகூரிலும் வில்லியனூரிலும் மனு கொடுக்கப் போகிறவர்கள் கொம்யூனுக்குப் போகிறேன் என்றுதான் சொல்கிறார்கள்.

ஆட்சி கைமாறியது 1954 நவம்பர் 1. சட்டப்படி இந்தியாவின் பகுதியானது 1962 ஆகஸ்ட் 16. அதற்காக அரசியலமைப்பில் 14ஆம் திருத்தம் செய்து 239ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். யூனியன் பிரதேசத்துக்குச் சட்டமன்றத்தையோ அமைச்சரவையையோ நாடாளுமன்றம் சட்டம் இயற்றி உருவாக்கலாம் என்கிறது அது. உருவாக்க வேண்டும் என்று சொல்லவில்லை. நம் முப்பது தொகுதிகளும் முதலமைச்சரும் இந்த ‘லாம்’ மேல்தான், 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக உட்கார்ந்திருக்கிறார்கள். அரிசியா, வங்கிக் கணக்கில் பணமா என்ற தகராறில் முதலமைச்சரும் துணைநிலை ஆளுநரும் உயர்நீதிமன்றம் வரை போனது இந்த ‘லாம்’ கொடுத்த பலவீனத்தால்தான் என்பது என் கணிப்பு. அரிசியை ஊறப்போட்டு ஆட்டுகிறவர்களை அந்த வழக்கில் யாரும் கேட்கவில்லை.

பஞ்சாயத்தின் கதை வேறு. 73ஆம் திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 243பி பிரிவு பஞ்சாயத்துகள் அமைக்கப்பட வேண்டும் என்கிறது. பதவிக்காலம் ஐந்தாண்டு, அது முடியுமுன் அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்கிறது 243இ. 243டி, மொத்த இடங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு ஒதுக்கச் சொல்கிறது. தலைவர் பதவிகளுக்கும் இது பொருந்தும். பட்டியலினப் பெண்களுக்கு அதற்குள்ளேயே இடம் உண்டு. யூனியன் பிரதேசங்களும் இதற்கு உட்பட்டவை என்று 243எல் சொல்கிறது. அதாவது, சட்டக் கண்ணால் பார்த்தால் புதுச்சேரிச் சட்டமன்றத்தைவிடக் கரிக்கலாம்பாக்கம் பஞ்சாயத்துக்குத்தான் அரசியலமைப்பில் உறுதியான இடம்.

நடந்தது என்ன? 1968இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 2006இல், அதுவும் நீதிமன்றம் தலையிட்ட பிறகு. நடுவில் 38 ஆண்டுகள். 1973இல் கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டம் வந்தது, தேர்தல் வரவில்லை. 2006இல் வந்தவர்களின் காலம் 2011இல் முடிந்தது. 2021இல் தேதிகள்வரை அறிவித்தார்கள். இடஒதுக்கீடு தொடர்பான வழக்குகளில் சிக்கி அதுவும் நின்றுபோனது. நான் இதை எழுதும் 2024இலும் பத்துக் கொம்யூன்களும் 98 கிராமப் பஞ்சாயத்துகளும் அதிகாரிகளின் கையில்தான். 1989இலோ அதற்குப் பின்போ இங்கே பிறந்த ஒரு பெண் எம்.பி.க்கு வாக்களித்திருப்பாள், எம்.எல்.ஏ.வுக்கு வாக்களித்திருப்பாள். தன் தெருவின் உறுப்பினருக்கு ஒருமுறைகூட வாக்களித்திருக்க மாட்டாள். நிற்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஒதுக்கீட்டில் குழப்பம், வார்டு எல்லையில் குழப்பம், வழக்கு என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் கிடைக்கிறது. அவற்றில் சில நியாயமானவைதான். பிற்படுத்தப்பட்டோர் இடங்களும் பழங்குடியினர் இடங்களும் ஒழுங்காகக் கணக்கிடப்பட வேண்டும். ஆனால் இதே மண்ணில் சட்டமன்றத் தேர்தலும் நாடாளுமன்றத் தேர்தலும் நடக்கின்றன. தேர்தல் நடக்காத ஒரே மட்டம், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு கட்டாயமான மட்டமாகத்தான் இருந்து வந்திருக்கிறது. யாராவது திட்டமிட்டுச் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். இதனால் யாருக்கும் தூக்கம் கெடவில்லை என்று மட்டும் சொல்வேன்.

எம்.எல்.ஏ. இருக்கிறாரே, போதாதா என்பார்கள். புதுச்சேரியில் ஆண்களைவிடப் பெண் வாக்காளர்கள் அதிகம். 2021இல் ஜெயித்து வந்த பெண் ஒருவர்தான், நெடுங்காடு தனித்தொகுதியின் சந்திர பிரியங்கா. எண்பதுகளின் தொடக்கத்தில் ரேணுகா அப்பாதுரை அமைச்சராக இருந்தார். அதற்குப் பிறகு, நாற்பது ஆண்டு கழித்து அமைச்சரான பெண் இவர். 2023 அக்டோபரில் சாதியப் பாகுபாட்டையும் பாலினப் பாகுபாட்டையும் எழுதி வைத்துவிட்டு விலகினார். அவரை ஏற்கெனவே நீக்கியாகிவிட்டது என்றது அரசுத் தரப்பு. உண்மை எப்படியோ, சபையில் அவருக்குத் துணையாக இன்னொரு பெண் இல்லை.

அதே ஆண்டு டிசம்பரில் புதுச்சேரிச் சட்டமன்றத்திலும் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகுதான் அது நடப்புக்கு வரும். பஞ்சாயத்து ஒதுக்கீட்டுக்கு அப்படி எந்த நிபந்தனையும் இல்லை.

கரிக்கலாம்பாக்கத்தில் அரசு இல்லாமல் இல்லை. சமுதாய நலவழி மையம் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது. தெருவிளக்கு எரியவில்லை, வாய்க்கால் அடைத்துக்கொண்டது என்றால் யாரிடம் போவது என்பதுதான் சிக்கல். அதிகாரி மாற்றலாகிப் போனால் மனுவும் அவரோடு போய்விடும். 2006இல் உறுப்பினராக வந்த ஒருவரை எங்கள் பக்கத்தில் இன்னும் ‘மெம்பரம்மா’ என்றே கூப்பிடுகிறார்கள். பதவி போய்ப் பதின்மூன்று வருஷம். முதியோர் பென்ஷன் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு கிழவிகள் இப்போதும் அவர் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருகிறார்கள். அவரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதித் தருகிறார். கையெழுத்துக்குக் கீழே போட அவரிடம் முத்திரை மட்டும் இல்லை.