குழந்தை தெரேசம்மாளும் ஒரு கொலைகாரனும்

எங்கள் ஞானோபதேச வகுப்பில் நரக நெருப்பைப் பற்றி நிறையச் சொன்னார்கள். இந்தக் கதையைச் சொல்லவில்லை.

1887 மார்ச்சில் பாரிஸில் இரண்டு பெண்களையும் ஒரு சிறுமியையும் கொன்ற வழக்கில் பிரான்சினி என்பவனுக்கு மரண தண்டனை. அவன் நரகத்தில் விழக் கூடாதென்று லிசியே ஊரில் 14 வயது தெரேஸ் ஜெபித்தாள். பூசையும் ஒப்புக்கொடுக்கச் செய்தாள். மனந்திரும்பினான் என்பதற்கு ஓர் அடையாளம் மட்டும் கேட்டாள்.

ஆகஸ்ட் 31இல் பாவசங்கீர்த்தனம் செய்யாமலே கில்லட்டின் மேடை ஏறினான். கடைசி நொடியில் திரும்பி, குருவானவர் நீட்டிய பாடுபட்ட சுரூபத்தை மூன்று முறை முத்தமிட்டானாம். மறுநாள் 'லா குருவா' பத்திரிகையில் அதைப் படித்து அழுதாள் தெரேஸ். (பத்திரிகை படிக்கக் கூடாதென்பது அப்பாவின் கட்டளை!) அவனைத் தன் முதல் பிள்ளை என்றே பிற்பாடு எழுதினாள்.

எனக்கும் கண் கலங்கும். ஆனால் கொலையுண்ட அந்தச் சிறுமியை நினைத்தால், இந்த வயதிலும் என் மனம் முழுதாக ஒப்பவில்லை.